சார் சொன்ன தப்பு

மீன் தொட்டியின் கண்ணாடியைத் தட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. “இதப் பொரிச்சுத் திங்கலாமா வே” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்கிறவர்களை அதைவிடப் பிடிக்காது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு சந்துக்குள் வண்ணமீன் கடை போட்ட நாளிலிருந்து இந்த இரண்டு கூட்டத்தோடும் சண்டை போட்டே என் தொண்டை கட்டிப்போனது. வாயை அடக்குங்கள், இல்லையென்றால் கடையை அடைத்துவிடுங்கள் என்று என் வீட்டுக்காரி இன்பமணி தினமும் சொல்லித்தான் சோற்றுத் தூக்கைக் கையில் கொடுப்பாள்.

கோமு அக்கா தட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வாசல்படிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். “இங்கனயே நிக்கேன் தம்பி” என்றார். தச்சநல்லூரில் சைவப் பிள்ளைமார் வீடு. மீன் விற்கிற இடத்தைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தே பழக்கம். “மீன்” என்று சொல்வதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். வீட்டுக்காரருக்கு உடம்புக்கு முடியவில்லையாம். கண்ணுக்கு முன்னால் ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். கிளி வளர்க்கலாம் என்றால் கூண்டில் அடைக்க மனசு வரவில்லையாம். தொட்டியும் கூண்டுதானே அக்கா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. இன்பமணியை நினைத்து விழுங்கிக்கொண்டேன். அன்று விழுங்க வைத்ததற்காக இன்றுவரை கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.

இது நடந்தது தொண்ணூற்றேழு சித்திரையில். கோமு அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். பிறந்த ஊர் களக்காடு, அப்பாவுக்கு வாழைத் தோட்டம். எதையும் வீணாக்கத் தெரியாத கை. கணக்கு வாத்தியார் சங்கரசுப்பிரமணியனுக்கு வாழ்க்கைப்பட்டுத் தச்சநல்லூருக்கு வந்தார். பிள்ளைகள் இல்லை. அவர்கள் இருந்த வீடு கணவருக்கும் அவருடைய தம்பிக்கும் பொதுவானது. தம்பி குமரகுருபரன் சென்னையில் பேங்க் உத்தியோகம். அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கெல்லாம் சங்கரசுப்பிரமணியன் சார்தான். நான் வேறு பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்றவன். எனக்கும் அவர் சார்தான்.

அதற்கு முந்தின வருஷக் கடைசியில் ஒரு காலை, கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த சார் அப்படியே விழுந்துவிட்டார். பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது காலை இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் தேறினார். வலது கை மட்டும் மடியிலேயே கிடந்தது. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. சரி.

கேட்பதற்கு அது நல்ல வார்த்தைதான். குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். நாளையிலிருந்து கூடக் கொஞ்சம் பால் ஊற்றட்டுமா என்று பால்காரர் கேட்டால், சரி. கோயில் கொடைக்கு வரி கேட்டு வந்தால், சரி. அதே கொடைக்கு இன்னொரு கோஷ்டி வந்து கேட்டாலும், சரி. பாய் விற்கிறவன் ஒருமுறை சாரிடம் கேட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே பாயை விரித்துவிட்டான். அக்கா ஒவ்வொருவர் பின்னாலும் தெருக்கோடி வரை ஓடி விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. காப்பி சூடாக இருக்கிறதா என்றாலும் சரி, ஆறிவிட்டதா என்றாலும் சரி. அவருக்கு வலிக்கிறதா, பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, எதுவும் தெரியாது. சொல்லுகிற தொனியை வைத்துக் கண்டுபிடிக்கிறேன் என்று அக்கா வெளியில் சொல்லிக்கொள்வார். தெரியவில்லை என்பதை என்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டார்.

அக்கா என் கடையில் கைகாட்டியது மஞ்சள் மீனை. ஆப்பிரிக்காவில் ஏதோ ஏரியில் பிறக்கிற ஜாதி. பளிச்சென்று மஞ்சள்கிழங்கு அரைத்துப் பூசியதுபோல் இருக்கும். சிக்லிட் என்று பெயர் சொன்னேன். அவர் காதில் அது ‘சிக்கல்’ என்று விழுந்தது. கடைசிவரை சிக்கல் மீன் என்றே சொன்னார். இது லேசில் பிழைக்காது, வேறு எடுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். மெட்ராஸ் கொளத்தூரிலிருந்து நான் எடுத்து வந்த தொகுதியில் பாதி, வயிறு உப்பிச் செத்துக்கொண்டிருந்தது. மங்கல நிறம், இதுதான் வேண்டும் என்று நின்றுவிட்டார். தொட்டியைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி நானே கொண்டுபோய் வைத்துக் கொடுத்தேன்.

முதல் சண்டை தீனியில் வந்தது. மீனுக்குப் புழு போட வேண்டும் என்று பொட்டலத்தைப் பிரித்தேன். அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

“எங்க வீட்டுக்குள்ள புழு வராது தம்பி. இங்கன இருக்கணும்னா அதுவும் சைவமாத்தான் இருக்கணும்.”

மீனைப் போய்ச் சைவமாக்குகிறாரே என்று தலையில் அடித்துக்கொண்டு வந்தேன். சிறுகீரையை வேகவைத்து, நசுக்கிய பட்டாணியோடு அதைத்தான் போட்டார். இரண்டாவது சண்டை தண்ணீரில். தாமிரபரணித் தண்ணீர் என்றால் நம்மவர்களுக்கு அமிர்தம். நானும் கடையில் அதைத்தான் பிடித்து ஊற்றினேன். அக்காவோ ஆற்றுத் தண்ணீர் குடிக்க மட்டும்தான் என்று சொல்லி, பருப்பு வேகாத கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பினார். ஒரு வாரம் தாங்காது என்று இன்பமணியிடம் சொன்னேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மீன்கள் கொழுகொழுவென்று, என் கடையில் இருந்ததைவிட நல்ல மஞ்சளாக நீந்துகின்றன. பிறகு கொளத்தூர்க்காரரிடம் விசாரித்தேன். அந்த மீன் பாறையில் பாசியை மேய்கிற மீன், அதற்குப் புழு அதிகம் ஆகாது, தண்ணீரும் கடுத்த தண்ணீராக இருக்க வேண்டும் என்றார். அக்கா செய்தது ஆசாரம்தான், வைத்தியம் இல்லை. ஆனாலும் குறி தவறவில்லை. இடையிடையே போட நான் கொடுத்த டப்பாத் தீனியில் என்ன அரைத்துப் போட்டிருக்கிறது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப்பின் நானும் கீரைக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் மாறினேன். என் கடை மீன் சாகாது என்று ஊரில் பேர் வந்தது. இன்றைக்கு நான் நாலு பேருக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்கிறேன் என்றால் அதற்கு அந்த வீட்டு அடுக்களைதான் காரணம். இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

ஆவணி வாக்கில் அக்கா மறுபடி கடைக்கு வந்தார். இப்போது மூக்கை மூடவில்லை, உள்ளேயே வந்து உட்கார்ந்தார். மூலைத் தொட்டியில் ஒரு நீல மீன், கறுப்புப் பட்டை போட்டது, துடுப்பெல்லாம் கிழிந்து ஒதுங்கிக் கிடந்தது. மற்றவை அதைக் கடித்துக் குதறியிருந்தன. பாவமாக இருக்கிறது, என்னிடம் கொடுங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மஞ்சளோடு நீலத்தை விட்டால் கலப்பு விழும் அக்கா, கலப்பு விழுந்த குஞ்சை எந்த வியாபாரியும் தொடமாட்டான், அது என்ன நிறத்தில் வளரும் என்று அதைக் கொடுக்கிறவனுக்கே தெரியாது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கொணமாகுத வரைக்கும் வச்சிருக்கேன் தம்பி” என்று பையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். குணமானது. திருப்பித் தரத்தான் மறந்துவிட்டார்.

தீபாவளிக்குக் குமரகுருபரன் சென்னையிலிருந்து வந்தார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் அவரைத் தப்பாக நினைப்பீர்கள். வாரம் தவறாமல் எதிர்வீட்டுப் போனில் கூப்பிட்டு விசாரிப்பார். அண்ணன் இப்படிக் கிடப்பதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. இந்தப் பழைய வீட்டை விற்றுவிட்டு அண்ணனையும் மதினியையும் தன்னோடு சென்னைக்கே கூட்டிப்போய்ப் பெரிய டாக்டர்களிடம் காட்டுவது என்று முடிவு செய்திருந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டை விற்கலாமா, எங்களோடு வந்துவிடுகிறீர்களா என்று கேட்டார். சார் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், சரி. பொங்கலுக்கு வரும்போது மிச்சத்தைப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று குமரகுருபரன் நிம்மதியாக ரயில் ஏறினார்.

அடுத்த நாள் நான் தொட்டி கழுவப் போனபோது அக்கா அதைச் சொன்னார். மைத்துனரை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அவருக்கு எதிர்க்கவும் தோன்றவில்லை.

“அவுகளுக்குப் போகணும்னு இருந்தா நான் இப்பவே பெட்டியக் கட்டிருவேன் தம்பி. இருக்கணும்னு இருந்தா யாரு கால்லயும் விழுந்து இருந்துருவேன். அவுக மனசுல எது இருக்குன்னுதான் தெரியல. எல்லாத்துக்கும் சரிங்காக.”

பிறகு அவரே தண்ணீரை எடுத்து ஊற்றத் தொடங்கிவிட்டார். அவர்கள் இரண்டு பேருடைய மிச்ச ஆயுள் எங்கே கழியும் என்பது அந்த ஒற்றை வார்த்தையில் தொங்கியது. அந்த வார்த்தைக்கோ அர்த்தமே இல்லை.

தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி. கல்யாணமான புதிதில் பிள்ளை வேண்டும் என்று அக்கா வருஷா வருஷம் சஷ்டி விரதம் இருந்தவர், பிறகு விட்டுவிட்டார். இந்த வருஷம் சாருக்கு வாய் திறக்க வேண்டும் என்று மறுபடி இருந்தார். அதே நாட்களில் தொட்டியில் ஒரு பெண் மீன் தின்பதை நிறுத்திவிட்டது. கீரையைப் போட்டால் மற்றவை பாய்ந்து வரும், அது மட்டும் ஒரு கல்லுக்குப் பின்னால் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கும். அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சைவத் தீனி தின்று தின்று அதற்கும் பக்தி வந்துவிட்டது, தன்னோடு சேர்ந்து அதுவும் விரதம் இருக்கிறது என்று தெருவில் நாலு வீட்டில் சொல்லியும்விட்டார். மீன் விரதத்தைப் பார்க்க ஆட்கள் வந்து போனார்கள். சூரசம்ஹாரம் முடிந்து, அக்கா பாரணை முடித்துச் சாப்பிட்ட பிறகும் மீன் சாப்பிடவில்லை. அப்போதுதான் பயந்து எனக்கு ஆள் அனுப்பினார்.

போய்ப் பார்த்தேன். தொண்டை பைபோல் தொங்கியது. வாய்க்குள் முட்டை. இந்த ஜாதியில் தாய் முட்டையை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கும், குஞ்சு நீந்துகிற வரை தாய் எதையும் விழுங்காது என்று விளக்கினேன். அக்கா தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

“எனக்குப் பலிக்காதது இதுக்குப் பலிச்சிட்டு” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மனசாரச் சிரித்த சிரிப்பு அது. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. சார் தன் நாற்காலியிலிருந்து சரி என்றார்.

மழை விடாமல் பெய்த கார்த்திகையில் குஞ்சுகள் வெளியே வந்தன. அரிசி மணி அளவுதான் இருந்தன. அக்கா ஒரு பழைய வெள்ளைப் பீங்கான் பேசினில் அவற்றைப் பிரித்து வைத்து, கோழிமுட்டைக் கரு போடாமல், பட்டாணியை மாவாக அரைத்துப் போட்டே வளர்த்தார். மார்கழியில் அவை விரல் கணு அளவு வளர்ந்ததும் கடைக்கு எடுத்துப்போகத் தரம் பிரிக்கலாம் என்று ஒரு காலை பத்து மணிவாக்கில் போனேன். அப்போது பேசினைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

நிறைய குஞ்சுகள் மஞ்சள். நடுநடுவே சில, மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. சாம்பல் பூத்த உடம்பு, அதில் மங்கலான பட்டை, துடுப்பு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். இந்த ஜாதியில் ஒரே பேற்றில் இரண்டு ஆண் மீன் சேர்ந்துவிடுவது உண்டு. அதை ஒரு சைவக் குடும்பத்து அம்மாவிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று எனக்கு நாக்கு புரளவில்லை. நீலத்தை விடாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே என்று மட்டும் கத்தினேன். அக்கா, எல்லாம் நன்றாகத்தானே நீந்துகின்றன என்றார். கலப்புக் குஞ்சை எல்லாம் கழித்துப் போட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, பேசினைத் தூக்கிச் சாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுந்தது.

சாரிடம் எதையாவது காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே இருக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா தினமும் அதை விடாமல் செய்வார். அந்தப் பழக்கத்தில் நானும் ஒவ்வொரு குஞ்சாகச் சின்ன வலையில் எடுத்து, சாரிடம் காட்டி, “மஞ்சள்” என்றேன். சார், சரி என்றார். அதைப் பையில் விட்டேன். அடுத்தது. மஞ்சள். சரி. கணக்கு நோட்டுத் திருத்துகிற மாதிரியே இருந்தது. எனக்குக் கோபம் ஆறவில்லை, குனிந்த தலை நிமிராமல் எடுத்துக்கொண்டே போனேன். வலையில் ஏறியது கலப்புக் குஞ்சு என்பதைக் கவனிக்கவில்லை. “மஞ்சள்” என்றேன்.

பதில் வரவில்லை. நிமிர்ந்தேன். சார் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் சுருங்கியிருந்தது. உதடு இரண்டு மூன்று தடவை கூடிப் பிரிந்தது. இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

“த... தப்பு” என்றார்.

அடுக்களையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அக்கா ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றார். வலையில் மஞ்சள் குஞ்சை எடுத்தேன். மஞ்சள் என்றேன். சரி என்றார். கலப்புக் குஞ்சை எடுத்து மஞ்சள் என்றேன். தப்பு. இந்தத் தடவை திக்கவில்லை. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து அவருக்கும் ஆச்சரியம். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. மறுபடி மறுபடி செய்தோம். குஞ்சுகளுக்கு மூச்சு முட்டப்போகிறது என்று அக்காதான் நிறுத்தச் சொன்னார்.

எத்தனை பேர் எத்தனை பொருளை அவருக்குக் காட்டியிருப்பார்கள். செம்பு, தட்டு, விபூதி மரவை, மாமா, சித்தி. எல்லாம் உள்ளது உள்ளபடி இருந்ததால் எல்லாம் சரியாகவே இருந்தன. எதிர்பாராத நிறத்தில் ஒன்று வந்து நின்றபோதுதான் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. இதை நான் சொல்வது ஒரு மீன்காரனின் யோசனை, அவ்வளவுதான். டாக்டரிடம் கேட்டால் வேறு ஏதாவது சொல்வார். எனக்கு அது போதும். எந்தக் குஞ்சுகளைக் கழித்துப் போட வந்தேனோ, அவற்றுக்கு அன்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். கலப்பு என்று எழுதி ஒட்டி, அவற்றுக்கென்று கடையில் தனித் தொட்டி கொடுத்தேன். இன்பமணி அதற்குத் திட்டவில்லை.

அன்றிலிருந்து பொங்கல் வரை அக்கா விடவில்லை. இது வெண்டைக்காயா? சரி. இது கத்திரிக்காயா? தப்பு. காலையில் சில நேரம் இரண்டும் மாறிப்போகும், சாருக்கே கோபம் வந்து தலையை ஆட்டித் திருத்திக்கொள்வார். பகல் ஏற ஏறத் தெளிந்துவிடும். வலிக்கிறதா, பசிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் காப்பியில் சீனி கூடுதலாகப் போட்டுக் கொடுத்துவந்தது அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. போவதா இருப்பதா என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் அக்கா கேட்கவில்லை. மைத்துனர் வரட்டும், அவரே கேட்கட்டும், நான் கேட்டுச் சொன்னால் நான் சொல்லிக்கொடுத்தது என்று ஆகிவிடும் என்றார்.

பொங்கல் அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். போனேன். இலை போட்டுச் சாப்பிட்டு முடித்து எல்லோரும் பட்டாசல் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சார் நாற்காலியில். குமரகுருபரனும் அவர் மனைவி அனுராதாவும் எதிரே பாயில். அக்கா தூணோரம் நின்றார். பத்திரப்பதிவைப் பற்றி மைத்துனர் பேச்சை எடுத்ததும் அக்கா முதல் தடவையாக இடையில் பேசினார். இப்போது இரண்டு வார்த்தை வருகிறது, மறுபடி ஒருமுறை கேளுங்கள் என்றார். நான் மீன் குஞ்சுக் கதையைச் சொன்னேன்.

குமரகுருபரன் நம்பவில்லை. நம்பாதது அவர் தப்பில்லை. மீனைப் பார்த்துப் பழகின வார்த்தை, அதை வைத்து எப்படி என்று இழுத்தார். பிறகு எழுந்து வந்து அண்ணன் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

“அண்ணே, ஒங்க பேரு குமரகுருபரனா?”

“தப்பு.”

“சங்கரசுப்பிரமணியனா?”

“சரி.”

குமரகுருபரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“எங்களோட மெட்ராஸ்ல வந்து இருக்கியளா?”

சார் தம்பியின் முகத்தையே பார்த்தார். அவ்வளவு பிரியமாகப் பார்த்ததால், சரி என்றுதான் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்துவிட்டேன்.

“தப்பு” என்றார்.

“இந்த வீட்லயே இருக்கியளா?”

“சரி.”

கேள்வியை முன்பின்னாக மாற்றிப் போட்டுக் கேட்டார். பதிலும் மாறாமல் அதற்குத் தக்கபடி வந்தது. தீபாவளிக்குக் கேட்டபோது மனசறிந்துதானே அண்ணே சரின்னு சொன்னிய என்று குழந்தைபோல் கேட்டார். சார் இடது கையைத் தூக்கித் தம்பியின் தலையில் வைத்து, தப்பு என்றார். குமரகுருபரன் அண்ணன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள் மதினி, கிணற்றடியில் அண்ணனுக்கு ஒரு கைப்பிடி வைக்க ஆள் சொல்கிறேன் என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நான் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தேன். அக்கா அசையவில்லை. தூணைவிட்டு வந்து சாருக்கு முன்னால் நின்றார். நாங்கள் இருப்பதே அவருக்கு நினைவில் இல்லை. குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, வேட்டி கட்டிவிட்டுக் கழிந்த அந்த ஒரு வருஷத்தில் அவர் யாரிடமும் கேட்கத் துணியாத ஒன்றைத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நான் பாத்துக்கிடுதது ஒங்களுக்குப் போதுமாங்க?”

சார் அவரை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வார்த்தையும் அவரிடம் இருந்தன. எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

“சரி” என்றார்.

காலையிலிருந்து இரவு வரை அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்த கோமு அக்கா, அன்று அது காதில் விழுந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.